புத்துலகம் தேடும் பொதுமக்கள்

வானத்தை நோக்கி வியவாத மனிதர் இலர். உழவர் விண்மீன்களைக் கொண்டு பருவத்தை அறிந்தனர். பரதவர் அவற்றைக் கொண்டு திசையை அறிந்தனர். ஆயினும், அவ்விண்மீன்களைச் சுற்றியும், நம் ஞாயிற்றைச் சுற்றுவன போன்ற கோள்கள் உளவோ என்னும் வினாவிற்கு விடை காண்பது, பெருந்தொலைநோக்கிகளை உடைய பேரறிஞர்க்கே இயலும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து இன்று மாறிவிட்டது. பள்ளி மாணவரும், ஆலைத் தொழிலாளரும், இல்லத்தரசியரும், பணி ஓய்வு பெற்ற முதியோரும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டு, முன்னர் எவரும் கண்டிராத விண்பொருள்களைக் கண்டு வருகின்றனர். இம்முறைக்குக் ‘குடிமக்கள் அறிவியல்’ என்று பெயர். இதனால் இளைய விண்மீன்களின் துணைகள் கண்டறியப்பட்ட வகையை இப்பாடத்தில் காண்போம்.

மூலக்கொத்தளத்து வானம்

சென்னை மாநகரின் வடபகுதியில் மூலக்கொத்தளம் என்னும் இடம் உள்ளது. கொத்தளம் என்பது மதிலின்மீது காவலர் நின்று பகைவர் வரவை நோக்குதற்கு அமைத்த இடமாகும். 18ஆம் நூற்றாண்டில் பழைய சென்னை நகரைக் காக்க எழுப்பப்பட்ட மதிலின் நினைவை அவ்வூர்ப்பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. மதிலின் பெரும்பகுதி மறைந்தது, காவலரும் மறைந்தனர். இன்று அவ்விடத்தின் கிழக்கே துறைமுகமும், அருகே இருப்புப்பாதைகளும், வடக்கே திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய ஊர்களின் ஆலைகளும் விளங்குகின்றன. இரவெல்லாம் எரியும் விளக்குகளின் ஒளி, புகையிலும் கடற்காற்றின் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தை வெளிறச் செய்கின்றது. ஆங்கு மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் மாணவனுக்கு, வெள்ளியும் வியாழனும் ஒளிமிக்க சில மீன்களுமே புலப்படும்.

“எங்கள் வானத்தில் விண்மீன்களே மிகுதியாக இல்லையே, நாங்கள் வானியல் ஆராய்ச்சியில் ஈடுபடுவது எங்ஙனம்?” என்று அம்மாணவன் வினவுவானாயின், அவ்வினா முறையானதே ஆகும். அதற்கு விடை கூறுமுன், அவனுடைய நகரத்திற்கும் இவ்வாராய்ச்சிக்கும் உள்ள பழந்தொடர்பை அறிதல் நலம்.

சென்னையில் எழுந்த கூற்று

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் குழுமத்தார் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். அங்குக் கருவியைத் தாங்க நாட்டிய கருங்கல் தூணில், நிலையம் நிறுவப்பட்ட செய்தி தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டது. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் காக்கப்படுகின்றது.

இந்நிலையத்தின் தலைவராக இருந்த ஜேக்கப் என்பார், பாம்பேந்தி விண்மீன் குழுவில் 70 என்னும் எண் பெற்ற மீனை ஆராய்ந்தார். அஃது இரட்டை விண்மீன். ஒன்றையொன்று சுற்றும் இரு மீன்களால் ஆயது. நமக்கு ஏறத்தாழப் 17 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கணக்கின்படி நிற்க வேண்டிய இடத்திற்கும், கருவியால் அளந்து கண்ட இடத்திற்கும் சிறு வேறுபாடு இருத்தலை ஜேக்கப் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அம்மீனை ஈர்ப்பதனாலேயே இவ்வேறுபாடு தோன்றக்கூடும் என்று 1855ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். ஞாயிறு அல்லாத பிற மீன் ஒன்றிற்குக் கோள் உண்டு என்று, அளவுகளைச் சான்றாகக் காட்டி எழுந்த மிகப் பழைய கூற்றுகளுள் இஃது ஒன்று.

ஆனால், அக்கூற்று நிலைபெறவில்லை. 1896ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சீ என்பார், அவ்விண்மீனுக்கு 36 ஆண்டில் ஒரு முறை சுற்றும் இருண்ட துணை உண்டு என்று மீண்டும் உரைத்தார். 1899ஆம் ஆண்டில் மோல்ட்டன் என்னும் கணித அறிஞர், அத்தகைய துணை அவ்வழியில் நிலையாகச் சுற்றுதல் இயலாது என்று கணக்கிட்டுக் காட்டினார். தலைமுடியினும் நுண்ணிய வேறுபாடுகளை அக்காலக் கருவிகளால் பிழையின்றி அளத்தல் அரிதாயிருந்தது. ஒரு கருவியையும் ஒருவர் கண்ணையும் மட்டுமே நம்பினால், உண்மையையும் கருவியின் பிழையையும் பிரித்தறிதல் எளிதன்று என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. பிற விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டு என்பது ஐயமற நிறுவப்பட்டது 1990க்குப் பின்னரே ஆகும். 1995ஆம் ஆண்டில் ஞாயிற்றை ஒத்த மீன் ஒன்றின் கோளைக் கண்ட மேயர், கெலோ ஆகிய இருவர்க்கும் 2019ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டிற்குள் அறியப்பட்ட புறக்கோள்களின் தொகை 6,000ஐக் கடந்தது.

ஆர்வமே கல்வியாகக் கொண்டோர்

வானியலில் சிறப்புற்றோர் அனைவரும் உயர்பட்டம் பெற்றோர் அல்லர். சென்னை வானாய்வு நிலையத்தில் துணைவராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்தவர். அவர் மேனாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவர் அல்லர். பணியில் இருந்தவாறே கற்றுத் தேர்ந்து, 1867ஆம் ஆண்டில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் ஞாயிற்று வட்டத்தைக் கடந்து சென்ற அரிய நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறியும் பொருட்டு, முன்னரே நூல் எழுதி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அறிந்ததைப் பிறர்க்கு அறிவித்தலும் அறிவியற் பணியே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வங்காளத்து யசோர் நகரில் கருவூலத்தில் எழுத்தராக இருந்த இராதாகோவிந்த சந்திரரின் வாழ்க்கை இன்னும் வியப்பிற்குரியது. அவர் பள்ளி இறுதித் தேர்வில் மும்முறை தவறியவர். பகலில் அரசாங்கப் பணத்தை எண்ணினார். இரவில் விண்மீன்களின் ஒளியை மதிப்பிட்டார். சிறிய தொலைநோக்கி ஒன்றைத் தம் பொருளால் வாங்கி, ஒளி மாறும் மீன்களை நாள்தோறும் நோக்கிக் குறித்து, அமெரிக்காவில் உள்ள விண்மீன் நோக்கர் கழகத்திற்கு அனுப்பி வந்தார். அவர் செய்த நோக்கீடுகள் 37,000க்கும் மேற்பட்டவை. அவருடைய உழைப்பை மதித்த அக்கழகத்தார், ஆறு அங்குலத்திற்கு மேல் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி உதவினர். முதுமையில் அவர் அதனைத் திருப்பிக் கொடுத்தபொழுது, அக்கருவி வைணு பாப்புவிடம் சேர்ந்தது. பிற்காலத்தில் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தை உருவாக்கிய அறிஞர் இவரே. கருவூல எழுத்தர் கையாண்ட கருவி நாட்டின் தலைசிறந்த வானியல் அறிஞர் கைக்குச் சென்றது எண்ணி மகிழத்தக்கதன்றோ!

இளமீன்களும் அவற்றின் துணைகளும்

இனி, இளைய விண்மீன்களைப் பற்றிச் சிறிது அறிவோம். வளிமமும் தூசும் நிறைந்த பெருமுகில்கள் தம் ஈர்ப்பாற்றலால் சுருங்கி விண்மீன்கள் ஆகின்றன. பிறந்த மீனைச் சூழ்ந்து எஞ்சிய வளிமமும் தூசும் தட்டுப் போலச் சுழலும். அத்தட்டிலிருந்தே கோள்கள் உருவாகின்றன. நம் நிலவுலகமும் இவ்வாறு பிறந்ததே. ஆதலின், இளமீன்களை ஆராய்தல் நம் பிறப்பு வரலாற்றை நாமே படித்தல் போன்றதாகும்.

பெரிய கோள்கள் பிறந்த காலத்தில் மிக வெப்பமாய் இருக்கும்; காலம் செல்லச் செல்லக் குளிரும். உலைக்களத்திலிருந்து எடுத்த இரும்பு முதலில் ஒளிவிட்டுச் சிவந்து தோன்றும். பின்னர் நிறம் மங்கிக் கருக்கும். நிறம் மங்கிய பின்னரும் அதன் அருகே கையைக் கொண்டு சென்றால் வெம்மை தெரியும். அவ்வெம்மையை நமக்குக் கொணர்வது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர். விண்மீன்களின் துணைகளும் இத்தகையனவே. இளமையில் அவை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக வீசுவதால், அக்கதிரை உணரும் கருவிகளால் அவற்றைக் காண இயலும். முதிர்ந்த மீனின் துணையோ குளிர்ந்து மங்கி மறைந்துவிடும்.

இத்துணைகளுள் சில கோள்கள். சில பழுப்புக் குறுமீன்கள். பழுப்புக் குறுமீன் என்பது கோளினும் பெரியதாய், விண்மீனாய் எரிதற்குப் போதிய நிறை பெறாததாய் இருப்பது. வியாழனைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு நிறையை இவ்விரண்டிற்கும் எல்லையாக வானியலார் கொள்வர். அவ்வெல்லைக்கு அருகே நிற்பனவற்றை எவ்வகையில் சேர்ப்பது என்பது எளிதில் தீராத வழக்காகும்.

தேடும் முறை

2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, ‘வைஸ்’ என்னும் விண்தொலைநோக்கியை விண்ணில் செலுத்தியது. அது அகச்சிவப்புக் கதிரால் வானம் முழுவதையும் பன்முறை படம் பிடித்தது. 2024ஆம் ஆண்டில் அதன் பணி முடிவுற்றது. ஆயினும், அது எடுத்த படங்கள் அழியாச் செல்வமாக எஞ்சியுள்ளன.

அப்படங்களில் புதிய பொருளைக் காண்பது எங்ஙனம்? தொலைவிலுள்ள மீன்கள் ஆண்டுகள் பல கழிந்தும் இடம் மாறாதன போலத் தோன்றும். நமக்கு அண்மையில் உள்ளவை சிறிது நகர்ந்திருக்கும். ஆதலின், ஒரே வானப்பகுதியை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாற்றிக் காட்டினால், நிலையாக நிற்கும் மீன்களுக்கிடையே நகரும் புள்ளி மட்டும் துள்ளுவது போலத் தோன்றும். 1930ஆம் ஆண்டில் டாம்பா என்னும் இளைஞர் புளூட்டோவைக் கண்டது இம்முறையாலேயே ஆகும்.

கணிப்பொறி இதனைச் செய்யலாகாதோ என்று நீங்கள் வினவலாம். செய்யும், ஆனால் எளிதில் ஏமாறும். ஒளிமிக்க மீன்களைச் சுற்றிக் கதிர்க்கோடுகளும், கருவியினுள்ளே பட்டு மீண்ட ஒளியால் எழும் போலி உருவங்களும் படத்தில் தோன்றும். கணிப்பொறி இவற்றையும் பொருள்கள் என்று கொண்டுவிடக்கூடும். பழகிய மனிதக் கண்ணோ மெய்யையும் போலியையும் விரைவில் பிரித்துணரும். ஆனால், படங்கள் கணக்கிறந்தவை, வானியலாரோ சிலர். ஆகவே, நாசாவின் ஆதரவுடன் அறிஞர்கள் 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ‘கொல்லைப்புற உலகங்கள்’ என்று பொருள்படும் பெயருடைய திட்டத்தைத் தொடங்கி, இப்படங்களை இணையத்தின் வழியே பொதுமக்கள் முன் வைத்தனர். ஒரே படத்தைப் பலர் தனித்தனியே பார்ப்பர். பலரும் நகர்வு உண்டு என்று குறித்தவற்றை அறிஞர்கள் பெருந்தொலைநோக்கியால் ஆராய்வர். 2020ஆம் ஆண்டில், ஞாயிற்றுக்கு அண்மையில் உள்ள 95 பழுப்புக் குறுமீன்கள் இவ்வாறு கண்டறியப்பட்டன என்னும் செய்தி வெளியாயிற்று.

எழுமீன் பகுதியில் ஒரு துணை

இத்திட்டத்தின் பயனாகக் கிடைத்தவற்றுள் ஒன்றை விரிவாகக் காண்போம். எழுமீன் என்று நம் முன்னோர் அழைத்த விண்மீன் கூட்டம் உள்ள பகுதியில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மீன் ஒன்று உள்ளது. ‘பி.டி. +60 1417’ என்பது அதன் பெயர். அஃது ஏறத்தாழ 147 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் அகவை 5 கோடி முதல் 15 கோடி ஆண்டுவரை இருக்கலாம். நம் ஞாயிற்றின் அகவையோ ஏறத்தாழ 460 கோடி ஆண்டு. ஞாயிற்றை 46 அகவை நிரம்பிய ஆடவர் என்று கொண்டால், அம்மீன் ஓராண்டு நிரம்பிய குழவி எனலாம்.

இம்மீனுக்கு அருகே மங்கிய புள்ளி ஒன்று நகர்வதை ஜெர்மனி நாட்டுத் தொண்டர் ஒருவர் கண்டு அறிவித்தார். அறிஞர்கள் அளந்து பார்த்தபொழுது, அப்புள்ளியும் மீனும் ஒரே திசையில் ஒரே அளவாக நகர்தல் தெரிந்தது. நெடுஞ்சாலையில் இருவர் பலநாள் இடைவெளி மாறாது ஒருங்கே செல்வாராயின், அவர்கள் உடன்வருவோரே என்று நாம் உணர்வோம் அல்லமோ? அதுபோலவே அப்புள்ளி அம்மீனின் துணை என்பது துணியப்பட்டது. ஹவாய்த் தீவில் மௌனா கியா மலைமேல் உள்ள தொலைநோக்கியால் அதன் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தனர். அதன் நிறை வியாழனைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு என்றும், வெப்பநிலை ஏறத்தாழ 1,000 செல்சியசு அளவு என்றும் கணித்தனர். நிறைக் கணக்கில் 5 மடங்கு கூடவோ குறையவோ இடமுண்டு. ஆதலின், அது பெருங்கோளோ சிறு பழுப்புக் குறுமீனோ என்று அறுதியிட்டு உரைத்தல் அரிது. ‘கோள் அளவு நிறையுடைய துணை’ என்றே அதனை அவர்கள் குறித்தனர். இவ்வாறு தெரிந்ததைத் தெரிந்த அளவிற்கே கூறுதல் அறிவியலின் அறமாகும்.

அதன் தொலைவு மேலும் வியப்பளிப்பது. நிலவுலகிற்கும் ஞாயிற்றுக்கும் உள்ள இடைவெளியைப் போல் 1,662 மடங்கு அப்பால் அது நிற்கின்றது. நம் கோள்களுள் மிகத் தொலைவில் உள்ள நெப்டியூனோ 30 மடங்குத் தொலைவிலேயே உள்ளது. அத்துணை ஒரு முறை சுற்றி வரப் பல்லாயிரம் ஆண்டு ஆகும். இவ்வளவு தொலைவில் அஃது எவ்வாறு பிறந்தது என்பது ஆராய்தற்குரிய வினாவாக நிற்கின்றது. இக்கண்டுபிடிப்பை விளக்கும் கட்டுரை 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பிற கண்டுபிடிப்புகள்

2010ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கோள் வேட்டையர்’ என்னும் திட்டத்தில், கெப்ளர் விண்தொலைநோக்கி அளந்த விண்மீன் ஒளியைத் தொண்டர்கள் ஆராய்ந்தனர். கோள் ஒன்று தன் மீனுக்கு முன்னே கடந்து செல்லும்பொழுது மீனின் ஒளி சிறிதே மங்கும். அம்மங்கலைத் தேடுவதே அவர்கள் பணி. 2012ஆம் ஆண்டில், நான்கு விண்மீன்கள் கூடிய தொகுதியில் சுற்றும் கோள் ஒன்றை அவர்கள் வெளிக்கொணர்ந்தனர்.

2014ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தட்டுத் துப்பறிவோர்’ என்னும் திட்டம், இளமீன்களைச் சூழ்ந்த தூசுத் தட்டுகளைத் தேடியது. வளிமம் நிறைந்த தட்டுகள் பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டிற்குள் கலைந்துவிடும் என்று அறிஞர் கருதியிருந்தனர். ஆனால், 4½ கோடி ஆண்டு அகவையுடைய சிறு செம்மீன் ஒன்று இன்னும் தட்டுடன் விளங்குவதைத் தொண்டர்கள் கண்டனர். முதுமை எய்தாத சிறுவனைப் பற்றிய கதையை நினைந்து, இத்தகையவற்றிற்குப் ‘பீட்டர் பான் தட்டுகள்’ என்று பெயரிட்டனர். அறிஞர் கொண்டிருந்த கருத்தைப் பொதுமக்கள் நோக்கு திருத்தியது. இந்தியாவிலும் 2013 முதல், புனேக்கு அருகிலுள்ள வானொலித் தொலைநோக்கியின் படங்களைப் பொதுமக்கள் ஆராயும் ‘ராட் அட் ஹோம்’ என்னும் முயற்சி நடைபெற்று வந்துள்ளது.

இப்பணிக்கு வேண்டும் பண்புகள்

மூலக்கொத்தளத்து மாணவனின் வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். இத்தகைய ஆராய்ச்சிக்கு இருண்ட வானம் இன்றியமையாததன்று. காற்று மண்டலத்திற்கு அப்பால் எடுத்த படங்களைத் துறைமுக விளக்கும் மறைக்காது. ஆலைப் புகையும் மறைக்காது. பள்ளிக் கணிப்பொறியோ வீட்டில் உள்ள கைப்பேசியோ இருந்தால் போதும். வேண்டுவன கூர்ந்த நோக்கும், பொறுமையும், வாய்மையுமே.

பொறுமை ஏன் வேண்டும்? ஒருவர் பார்க்கும் படங்களுள் மிகப் பலவற்றில் புதியது ஒன்றும் இராது. நூறு படம் பார்த்துப் பயன் காணாதவர் நூற்றொன்றாம் படத்தையும் அதே கருத்துடன் பார்த்தல் வேண்டும். ‘இங்கு ஒன்றும் இல்லை’ என்று சரியாகக் குறிப்பதும் பயனுள்ள பணியே. தேட வேண்டிய பரப்பை அது குறைக்கின்றது. வாய்மை ஏன் வேண்டும்? புகழ் விரும்பிக் காணாததைக் கண்டதாகக் குறித்தால், பெருந்தொலைநோக்கியின் அரிய நேரம் வீணாகும். பிறர் உழைப்பும் வீணாகும். தாம் கண்டதைப் பிறர் ஆராய்ந்து தவறு என்று காட்டினால், அதனை மகிழ்ந்து ஏற்கும் உள்ளமும் வேண்டும். ஜேக்கப்பின் கூற்று தவறிற்று எனினும், அவர் தம் அளவுகளை மறையாது வெளியிட்டமையாலேயே பிறர் அதனை ஆராய்ந்து உண்மையை நெருங்க முடிந்தது.

ஆயினும், நேரே வானத்தைக் காணும் இன்பத்தை நாம் இழந்துவிடலாகாது. தெருவிளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சிதறாதவாறு மூடியிட்டு அமைத்தலும், வேண்டாத விளக்குகளை அணைத்தலும் நகரத்தார் அனைவரும் செய்யக்கூடியன. வாய்ப்புள்ளவர் காவலூர் போன்ற இடங்களுக்குச் சென்று இருண்ட வானத்தையும் கண்டு வருதல் வேண்டும்.

மாணவர்களே! அறிவு ஒரு சிலருக்கே உரிய கருவூலம் அன்று. கருவூல எழுத்தர் ஒருவர் விண்மீன்களை அளந்தார். பஞ்சாங்கக் குடும்பத்தார் ஒருவர் புதிய மீன் கண்டார். பெயரறியாத் தொண்டர் பலர் இன்று புதிய உலகங்களைக் காட்டுகின்றனர். இன்னும் எவரும் பார்த்திராத படங்கள் எத்துணையோ உள்ளன. அவற்றுள் ஒன்றை முதன்முதல் பார்க்கும் கண்கள் உங்களுடையனவாகவும் இருக்கலாம்.

பயிற்சி

1. கொத்தளம் என்பது யாது? மூலக்கொத்தளத்து வானில் விண்மீன்கள் மிகுதியாகத் தோன்றாமைக்குக் காரணம் என்ன?
2. 1855ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எழுந்த கூற்று யாது? அது நிலைபெறாமைக்குக் காரணம் கூறுக.
3. இராதாகோவிந்த சந்திரரின் வாழ்க்கையிலிருந்து நாம் அறிந்து கொள்வன யாவை?
4. இளைய மீன்களின் துணைகளைக் காண்பது, முதிர்ந்த மீன்களின் துணைகளைக் காண்பதினும் எளிது. ஏன்? உவமை காட்டி விளக்குக.
5. கணிப்பொறி இருக்கவும் மனிதக் கண்ணின் துணை வேண்டப்படுவது ஏன்?
6. ‘ஒன்றும் இல்லை என்று சரியாகக் குறிப்பதும் பயனுள்ள பணியே’ - இக்கருத்தை ஒரு பக்க அளவில் கட்டுரையாக விரித்து எழுதுக.